தோளுக்குப் பின்னால் தெரியும் பைப்

வண்டிக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம். நாங்கள் நலம். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீர்கள். துருப்பிடித்து ஒழுகிய பிரேக் பைப்பைக் கழற்றிவிட்டுப் புதுசை நானே குறுக்கு வழியில் போட்டுவிட்டேன், பட்டறைக்காரி புருஷன்னா சும்மாவா என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் படத்தை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். தலை வாரும்போதெல்லாம் அவளுக்கு அப்பா முகம் தெரிகிறது. எனக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் பைப்தான் தெரிகிறது. சைலன்ஸர் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. அதற்குக் கட்டுக்கம்பியில் ஒரு சுற்று வேறு!

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? பழைய பைப் சட்டத்தின் உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனதே, அதைப் போட்டவன் என்ன வேலை தெரியாதவனா? குறுக்கே போட்டதில் இரண்டு முழம் மிச்சம். அதை வைத்து என்ன, கோட்டையா கட்டப்போகிறீர்கள்? தன் கையே தனக்கு உதவி என்பார்கள். உங்களுக்கு உங்கள் கையே எமன்.

இதில் நக்கல் வேறு. இந்த வண்டியும் உன்னை மாதிரிதான், காலையில் சொன்ன பேச்சு கேட்கும், மத்தியானம் இறக்கத்தில் முறுக்கிக்கொள்ளும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், மூன்று தடவை மிதித்துக் கெஞ்ச வேண்டும் என்று. உங்கள் அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். நான் எழுந்து போய்க் கண்ணாடியில் இருந்த படத்தை மறுபடி பார்த்தேன். அட மனுஷா, காலையில் சைலன்ஸர் ஆறிக் கிடக்கிறது. மத்தியானத்துக்குள் அது சுட்டு, பைப்புக்குள் இருக்கும் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. நீங்கள் மிதிப்பது ஆயிலை இல்லை, ஆவியை. லாரி நிறையக் கல்லை ஏற்றிக்கொண்டு ஆவியை நம்பி மலை இறங்குகிறீர்கள். இன்றைக்கு மூன்று மிதியில் பிடிக்கிறது. ஒருநாள் முப்பது மிதித்தாலும் பிடிக்காது.

அந்த மலைமேல் போனும் எடுக்காது. எடுத்தாலும் சிரித்தே மழுப்புவீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் லாரி மாதிரியே ஒன்று பட்டறைக்கு வந்திருந்தது. நேற்றுப் பகல் முழுக்க அதன் அடியில் படுத்து, சட்டத்தோடு வைத்துப் பார்த்துப் பார்த்துப் புதுப் பைப் வளைத்திருக்கிறேன். இரண்டு துண்டு. சிவப்பு நூல் கட்டியது முன்பக்கம். சாணுக்கு ஒரு கிளிப் போடுங்கள். சைலன்ஸர் பக்கமே போகக்கூடாது. பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றி, குமிழி நிற்கும்வரை காற்று எடுங்கள். பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும்.

இதைக் கொண்டுவரும் டிரைவர் அண்ணன் முதலில் உங்களிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வார். பிறகுதான் பைப்பைக் கொடுப்பார். என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். இந்தத் தடவை தயவுசெய்து தலையை நகர்த்திக்கொள்ளுங்கள், பைப் முழுசாகத் தெரியட்டும். அப்பா முகம் எங்கே என்று மகள் கேட்பாள். பின்னாலேயே வருகிறது என்று சொல்லிக்கொள்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி