வெட்டாமல் விட்ட முகங்கள்

அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிரில் இருந்தபோதே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். இது உங்களுக்கு வந்து சேராது என்று தெரியாத அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்று காலை வேலைக்குப் போக மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். பிளாட்பாரத்துக் கம்பிகளுக்குப் புது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் வீட்டு முன்னறை அப்படியே வந்துவிட்டது. மை படிந்த துணி, துடைத்துக் கவிழ்த்த ரோலர், நீங்கள் குடிக்க மறந்து ஆடை படிந்த டீ. ரயில் வந்து நின்றது. பின்னால் நின்ற மீன்காரம்மா, “இன்னாம்மா, ஏறப் போறியா, போட்டோவுக்கு நிக்கிறியா?” என்று இடித்துக்கொண்டு ஏறினார். நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பஸ் பிடித்து எங்கள் ஊர் தோணிரேவுக்கே திரும்பிவிட்டேன்.

உங்கள் கடைசிப் பலகை இப்போது என் முன்னால் இருக்கிறது. போன வாரம் உங்கள் அண்ணன் மகன் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னையில் உங்கள் நினைவாகக் கண்காட்சி வைக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டை வைத்து நீங்கள் செய்த மரக்கட்டை அச்சுப் படங்கள் எல்லாம் வரிசையாக மாட்டப்படும். இது ஒன்றுதான் முடியாமல் நிற்கிறது. அடிமைகளாகப் பிடித்தவர்களை ஏற்றிக்கொண்டு, முகத்துவாரம் தாண்டிக் கப்பலை நோக்கிப் போகும் படகு. அலை, துடுப்பு, குந்தியிருக்கும் உடம்புகள், முழங்காலைக் கட்டிய கைகள் எல்லாம் வெட்டியாகிவிட்டது. முகங்கள் மட்டும் வெறும் மரமாக இருக்கின்றன. அப்படியே மை தடவி அச்செடுத்தால் ஒவ்வொரு உடம்பின் மேலும் ஒரு கறுப்பு வட்டம் விழும்.

“நீ வெட்டினா அத்தை வெட்டினது மாதிரியே இருக்கும்மா. யாருக்கும் தெரியாது,” என்றார் அவர். நல்ல மனிதர். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். நாளைக் காலையில் வாங்கிப் போக வருகிறார். நான் இன்னும் ஒரு கீறல் போடவில்லை. அந்த முகங்களை நீங்கள் வெட்டச் சொன்னீர்களா, வெட்டாதே என்றீர்களா? அது தெரியாமல் உளியை வைக்கக் கை வரவில்லை. மரத்தில் வெட்டியதை அழிக்க ரப்பர் கிடையாது என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

உங்களை முதலில் பார்த்தது பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் உள்ளே போய் உட்காருவேன். அங்கே யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நீங்கள் ஒரு கல்லின் மேல் பெரிய காகிதத்தை விரித்துக் கறுப்பு மெழுகால் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்லில் செதுக்கியிருந்த எழுத்துகள் காகிதத்தில் மெல்ல ஏறி வந்தன. காற்றில் காகிதம் எழும்பி எழும்பி உங்கள் முகத்தில் அடித்தது. மரத்தடியில் நின்ற என் பக்கம் திரும்பாமலே, “அங்க நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு, இங்க வந்து மூலையைப் பிடிக்கலாம்ல?” என்றீர்கள்.

பிடித்தேன். பஸ் போனது. பையிலிருந்து ஹால் டிக்கெட் நழுவி விழுந்தபோது அதன் பின்பக்கத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அம்மாவின் கைகளை அதில் பேனாவால் வரைந்து வைத்திருந்தேன்.

“இதைக் கொண்டுபோனா பரீட்சைக்கு உள்ள விடுவாங்களா?”

நான் அதை எடுத்துப் பைக்குள் திணித்தேன்.

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல மேடம்.”

“நல்லதாப் போச்சு. கெடுக்க ஆள் இல்ல. ஆனா மேடம்னு மட்டும் கூப்பிடாதே, லீவு லெட்டர் நீட்டுற மாதிரி இருக்கு.”

அப்படித்தான் அக்கா ஆனீர்கள். வீட்டில் சொன்னபோது அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “என்ன வுட மூத்தவங்க உனுக்கு அக்காவா? அப்ப நான் இன்னா, உனுக்குத் தங்கச்சியா?”

கோட்டைக்குப்பம் போகும் வழியில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு அதன் பிறகு அடிக்கடி வந்தேன். மை அரைக்க, காகிதம் நனைக்க, கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுக்கப் பழகினேன். உளியை மட்டும் நீங்கள் தரவில்லை. “முதல்ல பாரு,” என்பீர்கள். பார்ப்பது எனக்குச் சுலபமான வேலை. பேசாமல் இருப்பவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

உளி என் கைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கெளுத்தி மீன். அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள் என்று சொன்னதிலிருந்து, நீங்களும் இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். “உடம்பு தண்ணியில எப்படி மடங்குதுன்னு தெரியாம எதை வெட்டுறது?” சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தீர்கள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதுமே “முருகா” என்றீர்கள். சாமி கும்பிடாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எங்கள் பெண்கள் வரிசையாக முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் போவார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பதால் யாருக்கும் வாய் திறக்க முடியாது. சொல்ல வேண்டியதைக் கைதான் சொல்லும். பக்கத்தில் இருப்பவள் தண்ணீருக்குள் நம் மணிக்கட்டை அமுக்கினால், அசையாதே, முள் மீன் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. கை அமுங்கினால் உடம்பு நின்றுவிடும்.

உங்களிடம் சொல்லிவைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா உங்கள் மணிக்கட்டை அமுக்கினாள். நீங்கள் கையை இன்னும் உள்ளே விட்டீர்கள். அடுத்து நீங்கள் போட்ட கூச்சலில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் பறி வாயிலிருந்து விழுந்து, அன்றைய இறால் அத்தனையும் ஏரிக்கே போய்விட்டது.

“அமுக்குனா நிறுத்தணும் டீச்சரம்மா! இன்னாத்துக்குக் கைய உள்ள வுட்டீங்க?”

“இன்னும் ஆழமாப் போன்னு சொல்றேன்னு நெனச்சேன்!”

“ஆழத்துல உங்களுக்கு இன்னா பொதச்சு வச்சிருக்கேன்?”

கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, அதில் உங்கள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள், “அமுக்குனா நிறுத்தணும்.” நீங்களும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கண்ணில் நீரோடு, “அமுக்கினா நிறுத்தணும்,” என்று ஒப்பித்தீர்கள்.

வீக்கம் வடியும்வரை உங்களால் உளி பிடிக்க முடியவில்லை. பாதியில் நின்ற பலகையில் தண்ணீரை வெட்ட என்னை உட்கார வைத்தீர்கள். நான் வெட்டி முடித்ததை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தீர்கள். பாராட்டப் போகிறீர்கள் என்று காது சூடாகக் காத்திருந்தேன்.

“இதுல நான் வெட்டினது எது, நீ வெட்டினது எதுன்னு எனக்கே தெரியல,” என்றீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. “இது என் கோடு. திருடினது தப்பில்ல, எல்லாரும் திருடித்தான் ஆரம்பிக்கிறோம். எப்பத் திருப்பிக் கொடுப்பே?”

திருப்பிக் கொடுக்கத்தான் முயன்றேன் அக்கா. என் கோடு எது என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. உங்கள் கோடு மட்டும், கூப்பிட்ட உடனே வந்து நின்றது. பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவள் ஆன பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நீங்கள் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “நான் நல்லா வெட்டியிருக்கேன்,” என்பீர்கள்.

இந்தப் படகுப் பலகையை ஆரம்பித்த நாளில் என்னை மறுபடி கல்லறைக்கு அழைத்துப் போனீர்கள். “இங்க பேரெல்லாம் கப்பல்ல வந்தவங்களுக்கு. இங்கேருந்து ஏத்திக்கிட்டுப் போனவங்களுக்கு ஒரு கூழாங்கல்கூட இல்ல, பாத்தியா?” என்றீர்கள். உடம்புகளுக்கு எங்கள் தெருப் பெண்கள் வந்து குந்திக் காட்டினார்கள். முகம் எப்போது என்று கேட்டதற்கு, “கடைசியில,” என்றீர்கள். நீங்கள் எப்போதும் முகத்தைக் கடைசியில்தான் வெட்டுவீர்கள் என்பதால் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. உங்கள் அண்ணன் மகன் உங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனார். பலகையும் கூடவே போனது, நீங்கள் அதை விட்டு வர மறுத்ததால். மீஞ்சூரிலிருந்து ரயிலேறி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்து வைத்து நான் வெட்டுவேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடது கை விரல் காட்டிய இடத்தில் அலை, விரல் காட்டிய இடத்தில் கயிறு. பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். பிடித்தால் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். நான் பேசாதவள், நீங்கள் பேச முடியாதவர். அந்த அறையில் உளிச் சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசி ஞாயிறு. மற்றதெல்லாம் முடிந்திருந்தது. முதல் முகத்தில் உளியை வைத்தேன். நீங்கள் இடது கையை நீட்டி என் மணிக்கட்டை அமுக்கினீர்கள். பலமாக. உங்களுக்கு அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் கை நின்றுவிட்டது. யோசித்து நிறுத்தவில்லை, அது தானாக நின்றது. உளியைக் கீழே வைத்தேன். உங்கள் கண்ணிலிருந்து நீர் வடிந்து காதுக்குள் போனது. துடைத்தேன். “இன்னாக்கா? வேணாமா? வெட்டணுமா?” என்று எத்தனை விதமாகக் கேட்டேன். கண்ணை மூடினால் வேண்டாம், திறந்திருந்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீங்கள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தீர்கள், ஆனால் அழுதுகொண்டே. அதை எதில் சேர்ப்பது? “அத்தை களைச்சுட்டாங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா,” என்று உங்கள் அண்ணன் மகன் விளக்கைக் குறைத்தார். அடுத்த வாரம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறேன். கெளுத்தி குத்திக் கற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் நிறுத்து என்றீர்கள், அந்த முகங்கள் கறுப்பாகவே இருக்கட்டும் என்றீர்கள். பேச்சே போனவருக்கு நடுவில் கற்றதெல்லாம் தங்குமா, பிறந்ததிலிருந்து இருந்ததுதானே தங்கும் என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. அப்படியானால் இன்னும் ஆழமாகப் போ என்றீர்கள். நான் நிறுத்தியதைப் பார்த்துத்தான் அழுதீர்கள்.

அம்மாவிடம் கேட்டேன். “போனவங்க இன்னா திரும்பி வந்து கேக்கவா போறாங்க? வெட்டிக் குடுத்துட்டு வேலைக்குப் போற வழியப் பாரு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் வந்ததும் எடுத்துக்கொண்டாள்.

உங்களிடமிருந்து நான் சுமந்துகொண்டிருப்பது அந்த அமுக்கல்தான் அக்கா. ஆபீசில் டைப் அடிக்கும்போதும், ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் வலது மணிக்கட்டில் அது இருக்கிறது.

ஆனால் வெட்டவா வேண்டாமா என்று கேட்க மட்டும் நான் இதை எழுதவில்லை. அதற்குப் பதில் வராது, நாளைக் காலையில் வாசலில் வந்து நிற்பவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாயும் வராது. அதனால் வெட்டத்தான் போகிறேன். மதியமே பென்சிலால் முகங்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் கோட்டில் போடத்தான் உட்கார்ந்தேன். அது வரவில்லை. வந்தவை வேறு. பறி கடித்துக் கடித்து அகன்ற தாடைகள், உப்புத் தண்ணீரில் சுருங்கிய கண்கள், ஒன்றும் சொல்லாமல் மூடிய வாய்கள். அவற்றில் உங்கள் கை இல்லை. இத்தனை நாள் தேடித் தேடிக் கிடைக்காத என் கோடு, யாருக்கும் தெரியக் கூடாத இடத்தில் வந்து நிற்கிறது. அச்செடுத்ததும் வலது மூலையில் உங்கள் கையெழுத்து முத்திரையைக் குத்தி மாட்டிவிடுவார்கள். எல்லோரும் அந்த முகங்களின் முன்னால் நின்று உங்களைப் பாராட்டுவார்கள். நான் பின்னால் எங்காவது சுவரோரம் நிற்பேன்.

கேட்கக் கூடாதுதான். உங்கள் பலகை, உங்கள் படம், உங்கள் நினைவு நாள். ஆனாலும் அக்கா, உங்கள் பெயருக்குப் பக்கத்தில், சின்னதாக, என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டுமா? ஏன் என்று நாளைக்கு அவர் கேட்டால், நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள் என்று சொல்லிக்கொள்ளட்டுமா?