பால் காய்ச்சாத அறை

தேனி,
ஞாயிறு

அன்புள்ள சுருளிராஜன் அண்ணனுக்கு,

குணமான பிறகு அக்காவை உங்களிடம் அனுப்புவது என்று நாங்கள் எந்த நாளும் குறிக்கவில்லை. போனில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, அதனால் எழுதுகிறேன். உங்கள் அக்கா முருகம்மாள் இருப்பது ஆஸ்பத்திரி இல்லை. விடுதியும் இல்லை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். வாடகையை அவரும் எங்கள் மனநல அமைப்பும் சேர்ந்து கொடுக்கிறோம். விரும்பும்வரை இருக்கலாம். மாத்திரையை மறந்தாலும், எங்களைத் திட்டினாலும் அறை அவருடையதுதான். நானும் நர்ஸ் அபிதாவும் வந்துபோகிறவர்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறோம்.

உடம்பு தேறியிருக்கிறது. கால் புண் ஆறிவிட்டது. குரல்கள் இன்னும் கேட்கின்றன. அவற்றோடு சண்டை போடுகிறார். பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த வருடங்களில் அந்தச் சண்டையை ஊரே நின்று பார்த்தது. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறார்.

வெள்ளிக்கிழமை காரோடு வந்து திருப்பூருக்கு அழைத்துப்போவதாகச் சொன்னீர்கள். தம்பி நான் இருக்கும்போது அக்கா வாடகை அறையிலா என்று கேட்டீர்கள். புரிகிறது. முன்பு இரண்டு முறை அழைத்துப்போனீர்கள். இரண்டு முறையும் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பினார். ஏன் என்று கேட்டேன். அவன் தங்கமான பய, அவன் பொண்டாட்டியும் ஒரு சொல்லு சொன்னதில்ல, ஆனா அங்கன நான் விருந்தாளி ஆத்தா, விருந்தாளி எம்புட்டு நாளைக்கு இருப்பா என்றார்.

இன்னொன்று. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் எல்லாம் கொடுத்தோம். வந்ததிலிருந்து எதையும் தொடவில்லை. எல்லா வேளையும் டீக்கடைச் சாப்பாடு. நெருப்புக்குப் பயம் என்று நினைத்து அபிதா கரண்ட் அடுப்பு கொண்டுவந்தார். அதையும் மூலையில் வைத்துவிட்டார். பக்கத்து அறை மலையம்மாள், ஏ முருகு, பேசாம அந்த டீக்கடைக்காரனுக்கே வாக்கப்பட்டுரு என்று கேலி செய்தபோதுதான் பதில் வந்தது. பெறந்த வீட்டு ஆளு வந்து பால் காய்ச்சாம அடுப்பப் பத்த வைக்கிறதாக்கும், எந்தம்பி வரட்டும் என்றார்.

இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் எப்போதோ வீடு என்று முடிவுசெய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். அழைத்துப்போக வேண்டாம். புதுப் பானை ஒன்று வாங்கிக்கொண்டு, அண்ணியோடு வாருங்கள். உங்கள் கையால் பால் பொங்கட்டும். அக்கா சமைப்பதைச் சாப்பிடுங்கள். கிளம்பும்போது அவர் தன் வாசலில் நின்று உங்களை வழியனுப்பட்டும். அந்த ஒன்றை மட்டும் அவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஹேமாவதி

எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கடைத்தெருவுக்குப் போய் இன்னும் இரண்டு தட்டு வாங்கி வந்தார்.