பழைய பதிப்பில் இருந்த குரல்

மார்ச் 4

இன்றும் லேப்டாப்பைத் திறந்ததும் அதே நீலப் பெட்டி. "உங்கள் கணினிக்குப் புதிய பதிப்பு தயார்." கீழே இரண்டு பொத்தான்கள் – 'இப்போதே', 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒன்று கிடையாது. மாதக்கணக்கில் 'பிறகு'வை அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. முதல் நாள் எல்லோரும் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். கழுத்தில் துணி கட்டிய ஓர் ஆள் வாயைத் திறக்காமல் லேப்டாப்பைத் தட்டுகிறான், அதிலிருந்து "மொதல்ல கண்ணாடியப் பாரு!" என்று அதட்டல் வருகிறது. யார்தான் திடுக்கிட மாட்டார்கள். குரல் என்னுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஸ்கூலின் பின்னறையில் உட்கார்ந்து நானே பதிந்துவைத்தது. ஒரு பொத்தானுக்கு ஒரு வாக்கியம். "கிளட்ச்ச மெதுவா விடு." "வண்டிய ஓரம் கட்டு." "அவன் போகட்டும், நீ நில்லு." "பிரேக்! பிரேக்!"

வேலை போய்விடக் கூடாது என்கிற ஒரே நினைப்பில் பதிந்தது. வீட்டுக்கென்று கடைசியில் நாலைந்துதான் போட்டேன் – பசிக்குது, வலிக்குது, ஃபேனப் போடு. நோயாளியாகப் படுத்துக் கிடக்கப்போகிறேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மார்ச் 5

பிறகு.

மார்ச் 7

இனி 'பிறகு' செல்லாது. முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னார். லைசன்ஸ் தேர்வுக்கான பயிற்சிச் செயலி மாறிவிட்டதாம். புதியது என் லேப்டாப்பில் இருக்கிற பழைய பதிப்பில் ஓடாது. இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் மாற்றியாக வேண்டும்.

"உங்க குரல் அதுல இருக்கே மாஸ்டர். அடுத்த மாசம் வரைக்கும் எப்படியாவது சமாளிங்க, உங்களுக்கு வேற ஒண்ணு வாங்கித் தர்றேன். அத அப்படியே விட்டுடலாம்" என்றார்.

நல்ல மனுஷி. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எனக்கென்று ஒரு தனி ஏற்பாடு, எனக்கென்று ஒரு சலுகை – ஆபரேஷனுக்குப் பிறகு இதையே கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. 'தேவையில்லை, இதையே மாற்றிக்கொள்கிறேன்' என்று கையோடு வைத்திருக்கிற சின்ன எழுதுபலகையில் எழுதிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனேன். லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் குரலைப் பதிந்திருக்கிற செயலியைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம். புதிய பதிப்பில் அது ஓடுமா என்று கேட்க ஆள் இல்லை. பதிவுகளை வெளியே எடுக்கவும் வழியில்லை, பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

"ஓடினா ஓடும். ஓடலன்னா பத்து நாளைக்குள்ள பழையபடி மாத்திக்கலாம், அந்த வசதி இருக்கு. பத்து நாள் தாண்டுச்சுன்னா பழைய பதிப்பு தானா அழிஞ்சிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க. எதுக்கும் ஒவ்வொரு பொத்தானா அழுத்தி உங்க போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க சார். ஒரு மத்தியான வேலைதான்."

தலையாட்டினேன். என் அதட்டலை நானே பதிந்து பெட்டியில் வைத்துப் பூட்ட நான் என்ன பெரிய பாடகனா?

உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் எனக்குப் பிடிக்காது. கேட்கும்போதெல்லாம் அந்தப் பின்னறைதான் ஞாபகம் வரும்.

மார்ச் 9

ஞாயிறு. என் மனைவி கடைக்குக் கிளம்பிக் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினேன். "மொதல்ல கண்ணாடியப் பாரு!"

"பாத்தாச்சு மாஸ்டர்" என்றாள். வழக்கம்போல.

எங்கள் வீட்டில் இப்படித்தான். நாலைந்து நோயாளி வாக்கியத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? அதனால் டிரைவிங் ஸ்கூல் பாஷையிலேயே காலம் ஓடுகிறது. அவள் பக்கத்து வீட்டுக் கதையை ஆரம்பித்து நிறுத்தவில்லையென்றால் "வண்டிய ஓரம் கட்டு." சட்டியில் உப்பை அள்ளிப் போடப்போனால் "பிரேக்! பிரேக்!" வெளியூரில் இருக்கிற மகள் போனில் மாப்பிள்ளையோடு சண்டை என்று மூக்கை உறிஞ்சினால் "அவன் போகட்டும், நீ நில்லு." அழுதுகொண்டே சிரித்துவிடுவாள்.

"மாத்தத்தான் போறீங்களா?" என்று கடைக்குப் போய் வந்து கேட்டாள்.

'மாத்தலாம்னு இருக்கேன்' என்று எழுதினேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான். இவளுடைய 'ம்' எல்லாவற்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். இது சரி என்கிற 'ம்'.

மார்ச் 11

புதுக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நடு ரோட்டுல பயம் வந்துடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

என்னிடம் அதற்குப் பொத்தான் இல்லை. பலகையை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதி நிமிர்வதற்குள் மற்றவர்கள் கார் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான் எழுதியதை நானே துடைத்தேன்.

புதிய பதிப்பில் எதைத் தட்டினாலும் வாசிக்குமாம், தமிழிலேயே. நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் சொல்லலாம். இனி என்ன யோசனை?

மார்ச் 13

மாற்றியாகிவிட்டது. மத்தியானம் முழுக்கத் திரை கறுப்பாகக் கிடந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் புதுப் படம், புது வெளிச்சம், எல்லாம் பளபளவென்று. என் குரல் செயலியை அழுத்தினேன். "இந்தச் செயலி இப்பதிப்பில் இயங்காது." ஒரே வரி.

சரி, எதிர்பார்த்ததுதானே.

புதுக் குரல் செய்தி வாசிக்கிறவர் மாதிரி கணீரென்று இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் 'குழம்பு பிரமாதம்' என்று தட்டினேன். அவள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோ வீட்டுக்கு வந்துட்டாப்ல இருக்குங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம்தான் வராது.

மார்ச் 17

இன்று வகுப்பில் நானே பேசினேன். 'பயம் வந்தால் வேகத்தைக் குறை, ஓரமாக நிறுத்து, மூச்சு விடு. பின்னால் ஹார்ன் அடிக்கிறவன் உன் வீட்டுக்கு வந்து சோறு போடப்போவதில்லை.' செய்தி வாசிக்கிறவர் இதை ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் பெண் எழுதிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

பழைய மாணவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், இவ்ளோ மரியாதையா பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்.

மார்ச் 20

அவள் கண்ணாடி முன் நின்றாள். 'முதலில் கண்ணாடியைப் பார்' என்று தட்டினேன். செய்தி வாசிக்கிறவர் வாசித்தார்.

அவள் காதில் விழவில்லை போல. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 22

வழியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "நாளையோட முடியுது சார். மாத்தணும்னா இன்னைக்கே கொண்டாங்க."

மாற்றினால் தேர்வுச் செயலி போய்விடும். முதலாளியம்மாவிடம் போய், நீங்கள் சொன்ன அந்த இன்னொரு லேப்டாப் வேண்டும் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று வீறாப்பாக எழுதிக் காட்டிய கையால்.

அவளிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்கு? குரல் என்னுடையது. எனக்கே வேண்டாம் என்கிறபோது அவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

மார்ச் 23

ஞாபகம் இருந்தது. போகவில்லை.

மார்ச் 26

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டித் தட்டிப் பேசினேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு மகள், "அப்பா, ப்ளீஸ், அத நிறுத்துங்க. எழுதியே காட்டுங்க" என்றாள்.

ஏன் என்று எழுதினேன்.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

என்ன சொல்லவில்லை?

சொன்னாள். நான் மத்தியானம் தூங்கும்போது இவள் லேப்டாப்பைத் திறந்து என் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்பாளாம். சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்டி வைத்துக்கொண்டு. 'வலிக்குது'வை மட்டும் விட்டுவிடுவாளாம். இரண்டு வருஷமாக. பதிப்பு மாறிய அன்றைக்கு மகளுக்கு போன் பண்ணி அழுதிருக்கிறாள்.

"வேணாம்னு அப்பாகிட்ட சொல்லும்மான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அது அவரோட குரல்டீ, வேணாம்னு சொல்ல நான் யாருன்னு கேட்டாங்க."

ஐயோ, நான் என்ன பண்ணித் தொலச்சேன்? கேட்டது அவதானே? நான் எப்பக் கேட்டேன் என் குரல? பேசுறவன் பேசிட்டுப் போயிடுவான். முப்பது வருஷம் அதக் கேட்டவ அவ. அவகிட்ட ஒரு வார்த்த – ஒரே ஒரு வார்த்த – கேட்டேனா? 'ம்'முக்கு அர்த்தம் தெரியுமாம் எனக்கு. பெரிய இவன்!

மார்ச் 27

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரர் அரை நாள் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். வேறு ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். புதிதாக ஏற்றினால் செயலி திறக்கும் முன் கம்பெனியிடம் அனுமதி கேட்கிறது, கம்பெனி இல்லை. பதிவுகள் உள்ளேதான் இருக்கின்றன, திறக்கத்தான் முடியாது.

"போன்ல பதியச் சொன்னேனே சார்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

ஒரு மத்தியான வேலை.

மார்ச் 29

மகள் தன்னிடம் இருக்கிற வீடியோ எல்லாவற்றையும் தேடினாள். எல்லாவற்றையும் எடுத்தது நான். ஒன்றிலும் நான் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு வீடியோவில், கேமராவுக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் பத்தல" என்று வருகிறது.

என் மனைவி இரண்டு தரம் கேட்டாள். போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது போட்டோக்காரர் பேசுற மாதிரி இருக்குங்க" என்றாள்.

மார்ச் 30

இன்று சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தட்டினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. வாசிக்கச் சொல்லி அழுத்தினேன். செய்தி வாசிக்கிறவர், "என்னை மன்னித்துவிடு. நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்று கணீரென்று ஆரம்பித்தார்.

அவள் கையை நீட்டி லேப்டாப்பை மூடினாள்.

"அந்த ஆள் எதுக்குங்க நமக்கு நடுவுல? நீங்க எழுதிக் குடுங்க."

பலகையில் எழுதினேன். இடம் சின்னது. 'கேட்டிருக்கணும். தப்பு.' அவ்வளவுதான் கொண்டது.

படித்தாள். வெகு நேரம் படித்தாள், இரண்டு வார்த்தையை. "கேட்டிருக்கலாம்ல" என்றாள். கோபம்தான் அது, எனக்குத் தெரிந்தது. அது வந்ததில் எனக்கு ஓர் ஆறுதல். பிறகு, "நானும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். வாய் இருந்துதானே" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும்.

பலகையைத் துடைக்க விடவில்லை. அலமாரியில் வைத்துவிட்டாள். எனக்கு வேறு பலகை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 3

நர்ஸ் பெண் தேர்வில் பாஸ். இனிப்புக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஏப்ரல் 12

பலகை வாங்க இருவருமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். எதையோ யோசித்துக்கொண்டு, இருபது வருஷம் ஊருக்கே பாடம் சொன்னவன், இரு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் காலை வைத்துவிட்டேன்.

"பிரேக்! பிரேக்!"

நின்றுவிட்டேன். கால் தானாக நின்றது. ஓர் அடி தள்ளி ஒரு பைக்கும் கிறீச்சென்று நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைத் தூக்கினான். என் பழைய மாணவன். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மாஸ்டர்! நீங்களா கத்துனீங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். பின்னால் கையைக் காட்டினேன். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கே திகைப்பாக இருந்தது, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு.

முதல் 'பிரேக்' வெட்டினாற்போல வந்தது, இரண்டாவது கொஞ்சம் இழுத்து, கடைசியில் லேசாக உடைந்து. நான் அப்படித்தான் சொல்வேன் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.