மூன்று நிமிடம் என்று நான் எழுதியது

ஜூன் 9, திங்கள்

விடியற்காலம் தொட்டு மழை. பாறசாலை ஸ்டாண்டில் செருப்பு வார் அறுந்தது. வெள்ளறடை வரை ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில். யாரும் பார்க்கவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாளி வாசலிலேயே பிடித்துவிட்டார். லைன்மேன்கள் போடும் ரப்பர் கையுறைதான் எங்கள் கம்பெனியின் ஒரே சரக்கு. அதை வாங்குகிற மின்வாரிய ஸ்டோரிலிருந்து கடிதம். கையுறையில் கரண்ட் கசிகிறதா என்று சோதித்து நான் கையால் எழுதும் ரீடிங் இனி செல்லாதாம். ஒவ்வொரு கையுறைக்கும் மூன்று நிமிடச் சோதனை முழுவதும் கிராஃபாக, கம்ப்யூட்டர் ஃபைலில் வேண்டும்.

"ஞானதாசே, நம்ம மெஷின்ல கம்ப்யூட்டர் குத்த எடம் உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. முள்ளு மட்டுமாக்கும்."

"புதுசு வாங்க இப்ப ஒக்காது. நீ எப்பிடியாம் ஒப்பிச்சிரு."

அவர் முடிக்கும் முன்பே சரி என்றேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது. 'உன்னால்தான் முடியும்' என்று யாராவது சொன்னால் இன்னும் குளிர்ந்துபோகிறேன்.

வேண்டியவை: பழைய போன். ஸ்டாண்ட். கறுப்புத் துணி. செருப்பு.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு. அம்பூரிப் பக்கம் மண் சரிந்ததாக பஸ்ஸில் பேச்சு. ரப்பர் வெட்டு இல்லை, பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை.

போன் வழி. மெஷின் முன்னால் ஸ்டூல், ஸ்டூல் மேல் பிஸ்கட் தகரம், தகரத்தில் போன். முள்ளை வீடியோ எடுத்தேன். டியூப்லைட் கண்ணாடியில் விழுந்து முள்ளை மறைத்தது. துணி போட்டு மூடினேன். இப்போது முள் தெரிகிறது, எண்கள் தெரியவில்லை. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பேக்கிங் அம்பிகா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அண்ணா, போட்டோ ஸ்டூடியோ எப்ப தொறந்திய?"

கடைசியில் நல்ல வீடியோ ஒன்று கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து நொடிக்கு நொடி எழுதுவது யார்? மறுபடி நான்தானே. அது கையெழுத்துக்குச் சட்டை மாட்டிய கதை. விட்டேன்.

மனைவி லில்லிக்குத் தைலம் வாங்க மறந்தேன்.

ஜூன் 11, புதன்

வெயில்! துணி எல்லாம் காய்ந்தது.

மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். நான் சேர்ந்தபின் யாரும் நகர்த்தியதில்லை. பின்னால் பல்லி முட்டை, சிலந்தி, ஒரு ரப்பர் விரல். அதற்குக் கீழே துரு ஏறிய இரண்டு திருகு முனைகள், சிவப்பும் கறுப்பும். ஒரு காலத்தில் காகிதத்தில் கோடு போடும் ரெக்கார்டரை மாட்டுவதற்கு வைத்தது. அந்த ரெக்கார்டர் எந்த ஆக்கர் கடைக்குப் பழைய இரும்பாகப் போயிற்றோ.

சுரண்டி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் பாதியில் நின்றால் அரை வோல்ட். முள் முழுதும் போனால் ஒரு வோல்ட். இத்தனை வருடமும் மெஷின் தன் ரீடிங்கைப் பின்பக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை.

சந்தோஷம் தாங்கவில்லை. அம்பிகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல என்ன இருக்கு அண்ணா, ரெண்டு ஆணி" என்றாள்.

வீட்டில் பரணைக் குடைந்தேன். மகள் தனுவச்சபுரம் காலேஜில் படித்தபோது புராஜெக்டுக்கு வாங்கிய சின்ன போர்டு ஒன்று உண்டு. வோல்ட்டை எண்ணாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும். கிடைத்தது. அவளுடைய பழைய லேப்டாப்பும். திறந்தால் இன்னும் அவளுடைய அந்தக் காலத்து முகம்தான் ஸ்கிரீனில்.

ஜூன் 12, வியாழன்

மதியம் மழை. கரண்ட் இரண்டு தடவை போயிற்று.

போர்டை மாட்டினேன். எண்கள் பேய் பிடித்தது போல் குதித்தன. முள் அசையாமல் நிற்கிறது, ஸ்கிரீனில் ஆட்டம். ஒயரை மாற்றினேன், முறுக்கினேன், திட்டினேன். பழைய ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் கழற்றிக் குறுக்கே போட்டேன். கொஞ்சம் அடங்கியது. பிறகு தற்செயலாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். குதிப்பு சட்டென்று நின்றது. மூன்று மணி நேரத் திட்டு ஒரு பிளக்கில் இருந்திருக்கிறது.

3.40க்கு முதல் கிராஃப். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, தொட்டியில் தொங்கவிட்டு, ஹை வோல்டேஜ் கொடுத்தேன். கோடு மெல்ல ஏறி, படுத்து, நேராக ஓடியது. முதலாளி தோளில் தட்டினார். "நீ ஆளு கொள்ளாமே!" அம்பிகா கட்டன் சாயா கொண்டுவந்தாள். அரை மணி நேரம் நான் ராஜா.

சாயா குடித்துக்கொண்டு கிராஃபை மறுபடி பார்த்தேன். அடியில் நேரம். 68 நொடி.

போர்டின் கடிகாரம் தப்பு என்று நினைத்தேன். மூன்று நிமிடம் வைத்த சோதனை அது. இன்னொரு கையுறை. 66. இன்னொன்று. 71. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். போர்டு சரி.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

மெஷினின் டைமர் கெட்டு நாலு வருடம். இந்த மாடலுக்கு டைமர் எங்கும் கிடைக்கவில்லை. கை ஈரமாக இருக்கும், வாட்ச் கட்ட முடியாது. சுவர்க் கடிகாரம் பேக்கிங் பக்கம். அதனால் நான் ஒரு வழி கண்டேன். அதிலும் எனக்குப் பெருமை. விசுவாசப் பிரமாணம் மூன்று தடவை சொல்வது. சர்ச்சில் சபையோடு நிறுத்திச் சொன்னால் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று சொன்னால் மூன்று நிமிடம். சுவிட்ச் போடு, மூன்று சொல், முள்ளைப் பார், அணை, எழுது. வேலைக்கு வேலை, ஜெபத்துக்கு ஜெபம். போதகரிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கையுறை. இருநூறு விசுவாசப் பிரமாணம். நாலு வருடம். நாக்கு ஓட ஆரம்பித்தது எப்போது என்று எனக்கே தெரியாது. இன்று என் வழக்கப்படி ஒன்று சொல்லி அளந்தேன். 22 நொடி. வார்த்தை ஒன்றும் முழுதாக வரவில்லை, வெறும் இரைச்சல். அம்பிகா அதைக் கேட்டு, "அண்ணனுக்க ஜெபம் சூப்பர் ஃபாஸ்ட் ஆயி எவ்வளவு காலமாச்சு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேலி என்று நினைத்து விட்டிருக்கிறாள்.

ஆண்டவரிடமும் ஏமாற்று, வேலையிலும் ஏமாற்று, இரண்டும் ஒரே மூச்சில். முகம் எரிகிறது இதை எழுதும்போது.

முழு மூன்று நிமிடம் வைத்து 10 கையுறை பார்த்தேன். 8 நன்று. ஒன்றில் இரண்டாம் நிமிடம் தாண்டியதும் கோடு மேலே ஏறத் தொடங்கியது. இன்னொன்றில் 2.40இல் கசிவு மிஞ்சி, கரண்டைத் துண்டிக்கும் ரிலே டக் என்று விழுந்தது. இரண்டும் முதல் நிமிடத்தில் பாலைப் போல் அமைதி. இரண்டுக்கும் நேற்றுவரை 'ஞா.தா.' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன், '3 நிமிடம்' என்று பக்கத்தில் எழுதி.

முதலாளியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். கோபப்படவே இல்லை.

"யாருக்காம் ஷாக் அடிச்சா?"

"இதுவர இல்ல."

"பின்ன? போனது போச்சு. இனிமே செரியா செய்யி."

"திங்கள்கிழம லோடு கெட்டி வச்சிருக்கு. அதுக்கும் கிராஃப் வேணுமே."

"நேத்து எடுத்த அந்த ஒரு நிமிஷக் கோட்ட மூணாட்டு இழுத்து எல்லாத்துக்கும் காட்ட ஒக்காதா? கம்ப்யூட்டர் தானே."

ஒக்கும். எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். இழுத்தேன். ஐந்து நிமிட வேலை. கோடு அழகாக, நேராக, மூன்று நிமிடம் ஓடியது. முதலாளி நல்லது என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 14, சனி

காற்றும் மழையும். நெய்யாற்றின்கரை வழியில் மரம் விழுந்து பஸ் சுற்றிப் போயிற்று.

சாயங்காலம் வில்சன் வந்தான். லில்லியின் தம்பி, லைன்மேன். தலை முதல் கால் வரை நனைந்து, அடுக்களையில் நின்றபடியே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றான். காலையிலிருந்து ஏழு போஸ்ட் ஏறினானாம். லைன் ஆஃப் செய்தாலும் எந்த வீட்டிலாவது இன்வெர்ட்டர் கரண்டைத் திருப்பி விடும், நம்ப முடியாது என்று லில்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு பயமும் இல்லக்கா. அத்தான் டெஸ்ட் பண்ணின கையுறையாக்கும். எங்க செக்‌ஷன்ல எல்லாருட்டயும் செல்லியிருக்கேன்."

போன வருடம் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஜோடி. இருப்பதில் நல்லது என்று. நல்லது என்று எதை வைத்துச் சொன்னேன்? 22, 22, 22 நொடி.

சொல்ல வாயெடுத்தேன். "கறி இன்னும் கொஞ்சம் விடட்டா மக்கா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச். சபை எழுந்து விசுவாசப் பிரமாணம் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்கிறார்கள். லில்லி திரும்பிப் பார்த்தாள். தொண்டை வலி என்றேன்.

வில்சனுக்கு போன்: "நாளைக்கு டியூட்டி எப்பம்?"

"ரண்டு மணிக்கு. எதுக்கு அத்தான்?"

"கையுறைய எடுத்துக்கிட்டு காலைல கம்பெனிக்கு வா. அதுவர அத போடாத. கேட்டியா? போடாத."

"வாறேன்" என்றான்.

ஜூன் 16, திங்கள்

தூறல். 8 மணிக்கு நானும் அவனும் மட்டும். பைக்கில் வந்தான். லோடு வாசலில் தார்ப்பாய் போட்டு நின்றது, வண்டி பத்து மணிக்கு.

இடது கை. தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டு, சுவிட்ச். இருவரும் ஸ்கிரீனைப் பார்த்தபடி. மூன்று நிமிடம் இவ்வளவு நீளம் என்று நான் மறந்தே போயிருந்தேன். கோடு நேராக. நன்று. எனக்கு மூச்சு வந்தது.

வலது கை. ஒரு நிமிடம், நேர். ஒன்றரை, நேர். இரண்டு தாண்டியதும் கோடு நிமிர்ந்தது. 2.18இல் டக்.

அவன் இன்னும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டைமர், ஜெபம், 68 நொடி, வெள்ளிக்கிழமை இழுத்த கோடு. வேகமாகச் சொன்னேன், தலையைத் தூக்காமல்.

"எலே, எதாம் செல்லு" என்றேன் கடைசியில். ஏசினால் தேவலை என்றிருந்தது.

அவன் வலது கையை விரித்து, திருப்பி, பார்த்தான்.

"சனியாழ்ச்ச ஏழு போஸ்ட்டு அத்தான். ஏழுலயும் இந்தக் கைதான் மொதல்ல."

பிறகு, "எங்க செக்‌ஷன்ல இன்னும் ஒம்பது பேரு இந்தக் கம்பெனி கையுறையத்தான் போடுதினும். நான் செல்லித்தானாக்கும் போடுதினும்" என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கையுறையை விட்டுவிட்டு.

பத்து மணி வண்டியை நான் திருப்பி அனுப்பினேன். டிரைவரிடம் முதலாளி சொன்னார் என்று பொய். அதுவும் ஒன்று.

ஜூன் 17, செவ்வாய்

மழை இல்லை. மூட்டம்.

வண்டியைத் திருப்பியதையும் ஸ்டோரில் எல்லாம் சொல்லப்போவதையும் சொன்னேன், முதலாளி கத்தினார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"ஸ்டோருக்கு நீ செல்லிட்டா நாளைக்கு இங்கோட்டு வரண்டாம். கேட்டா? இந்தப் பதிமூணு பேருக்க சோறு உனக்க நாக்குலயாக்கும் இருக்கு."

அம்பிகா பேக்கிங் மேசையில் அசையாமல் நின்றாள். அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. அவர் சொல்வதும் பொய்யில்லை. ஒரு மணி நேரம் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், ஒயரைச் சுருட்டுவது போல. இழுத்த கிராஃப்களை அழித்தேன். நாலு வருட நோட்டுகளை எடுத்து வெளியே போன லாட் நம்பர்களை வரிசையாக எழுதினேன். ஒன்பது பக்கம். நோட்டுகளின் எல்லாப் பக்கத்திலும் என் 'ஞா.தா.'. வெட்கத்துக்கு எடை உண்டென்றால் அந்த நோட்டுகளின் எடைதான்.

ஸ்டோருக்கு போன். ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல், மலையாளம் கலந்த தமிழ். சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க நான் சொன்னதைப் பின்னால் யாரிடமோ, "எல்லாம் திரிச்சு எடுக்கணும்னு பறயுந்நு" என்றாள்.

"சார், இதுல உறப்பா நல்லதுன்னு செல்லக்கூடியது எந்த லாட்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"இல்லம்மா."

பேனா கிறுக்கும் சத்தம்.

"டெஸ்ட் பண்ணினது யாரு?"

"நான்தான்."

"முழுப் பேரு செல்லுங்க."

சொன்னேன். லைன் கரகரத்தது. கேட்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி, சொன்னேன்.