எரிந்த வீட்டுக்கும் பிளான் கட்டணம்

செவ்வாய் இரவு

இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறக்கிறேன் டைரியே, மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் தூங்கினாள். ஈப்போவில் அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஊதுவத்தி வாசம் வந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

லாலாங் புல்லில் பிடித்த தீ எங்கள் தோட்டத்து வீட்டைத் தின்ற மறுநாள், நகராண்மைக் கழகத்தார் அரிசி மூட்டையோடு வந்து எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். இன்று அதே கழகத்தின் கவுண்டரில், வீட்டைத் திரும்பக் கட்ட, பிளானைப் பார்த்து அனுமதி தருவதற்கான பிளான் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"அது வேற பிரிவு அக்கா. தள்ளுபடி வேணும்னா எங்க அதிகாரிதான் சொல்லணும். எப்பன்னு தெரியல," என்றாள் கவுண்டர் பெண்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் சிரித்தார். "உனக்குச் சும்மா விட்டா, நாளைக்கு ஊரே வீட்டக் கொளுத்திட்டு வரிசையில நிக்கும் லா!"

"பிள்ளையோட பள்ளிச் சட்டைகூட மிஞ்சலண்ணே. இதுக்கு யாரு ஆசப்படுவா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பிளானைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பார்க்கட்டும். ஆனால் நாங்கள் என்ன மாடியா எழுப்புகிறோம்? இருந்த வீட்டைத்தானே கேட்கிறோம். கட்டணத்தைக் கட்டிவிட்டால் கூரைத் தகரத்துக்குக் காசில்லை. மழை வேறு தொடங்கப் போகிறது.

"எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள். காலையிலும் கேட்பாள்.

கட்டடப் பிரிவு அதிகாரியே, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தள்ளுபடி உண்டோ இல்லையோ, சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள்.