சரசு அக்கா கட்டிய ஒரே தவறான பந்தயம்

என் தங்கமான சரசு அக்காவுக்கு,

கிண்டியில் மறுபடி குதிரைகள் ஓடுகின்றன. நீ இருந்தபோது நின்றது, நீ போன பிறகு திரும்பி வந்தது. அந்த வாசலைப் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துவிட்டேன், இறங்க மனம் வரவில்லை. உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி உள்ளே போவது?

ஒரு பந்தயத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத உனக்குக் காசு கட்டும் கணக்கு எப்படிப் பிடிபட்டது? மெட்ராஸில் வேலை பார்த்த நான் லீவில் குடவாசல் வந்திருந்தேன். என் பையிலிருந்த ரேஸ் புத்தகத்தைப் புரட்டி, "குதிரைக்கு நேரா எடை போட்டிருக்கே, என்னடா இது?" என்றாய்.

"நல்லா ஓடுற குதிரைக்கு ஈயத்த வச்சுப் பாரத்த ஏத்துவாங்கக்கா. எல்லாம் சமமா ஓடணும்ல."

"அப்ப எது ஜெயிக்கும்னு மண்டைய உடைச்சுக்காத. ஊரே எது மேல காசக் கொட்டுதுன்னு பாரு. அத விடு. யாரும் சீந்தாததுல எதுக்குத் தெம்பு இருக்குன்னு பாரு."

அத்தான் போனபின் குத்தகை நிலத்தைத் தனியாகப் பார்த்தவள் நீ. சேற்றில் எந்த மாடு இழுக்கும், எது படுத்துக்கொள்ளும் என்பது உனக்கு அத்துப்படி. அந்தக் கார்த்திகை அடைமழையில் நான் கிளம்பும்போது, காய்ந்த தரையில் தொடர்ந்து தோற்றிருந்த ஒரு குதிரையின் பெயரில் விரலை வைத்தாய். போன மழையில் அது ஜெயித்ததும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

"பத்து தடவ ஓடினா இது ரெண்டு தடவ ஜெயிக்கும். ஒண்ணுக்கு அஞ்சுக்கு மேல குடுத்தாக் கட்டு. இல்லன்னா பேசாம வேடிக்க பாரு."

ஒன்றுக்குப் பத்து கொடுத்தார்கள். கட்டினேன். மூன்றாவதாக வந்தது. பொங்கலுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எட்டு தடவ தோக்கும்னுதானே சொன்னேன்? வாங்கின வெல சரிதானே?" அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது அக்கா.

"மாசியில வர்றேன்டா. ஒரு தடவ அதுங்க ஓடுறதப் பாத்துடணும்" என்றாய். உனக்கென்று நீ கேட்டது அது ஒன்றுதான். பெட்டியிலிருந்து ஊதாப் புடவையை எடுத்து வெயிலில் போட்டுக்கூட வைத்தாய்.

அந்தத் தையில்தான் கூலித் தகராறு. அறுப்பு ஆட்கள் ஒரு கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் ஒருவர்கூட அசையவில்லை. பசித்தால் ஆட்கள் தானாக வருவார்கள், அதுவரை வானம் வெளுத்தே இருக்கும் என்று நம்பினார்கள். "எல்லாரும் ஒரே பக்கம் கட்டுறாங்க" என்றாய் என்னிடம். மறுநாளே ஆட்களைக் கூப்பிட்டு, கேட்ட கூலிக்குச் சம்மதித்தாய்.

பக்கத்து வயல்காரர் வந்து, "நீங்களே கூலிய ஏத்திட்டா நாங்க எங்கம்மா போறது?" என்று கத்தினார்.

"மழ வந்தா நெல்லு நிக்காதுங்க" என்றாய், அவ்வளவுதான்.

மழை வந்தது. உன் நெல் களத்துக்கு வந்திருந்தது, அவர்களுடையது சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அதன்பின் உன் வைக்கோல் போரைக் கொளுத்துவோம் என்று பேச்சு கிளம்பியது. மாசி முழுக்க நீ களத்தை விட்டு நகரவில்லை. நான் கூப்பிட வந்தபோது, "அடுத்த வருஷம் போனாப் போச்சு. கிண்டி எங்க போயிடப் போவுது?" என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த மாசி வருவதற்குள் அரசு ரேஸையே நிறுத்திவிட்டது.

ஊரே நம்புவதில் காசைப் போடாத நீ, அடுத்த வருஷத்தை மட்டும் ஏன் அக்கா அப்படி நம்பினாய்? அதில் மட்டும் விலை பார்க்க உனக்குத் தோன்றவில்லையா? உன்னை நினைத்தால் எனக்கு இது ஒன்றுதான் ஆறவில்லை.

நேற்று உன் மருமகன், என் பையன், "தூறல் நிக்கட்டும்பா, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்" என்றான். முடியாது என்றுவிட்டேன். இந்தச் சனிக்கிழமையே போகிறேன், குடை பிடித்துக்கொண்டாவது. எதன் மீதும் கட்டமாட்டேன். வேலியோரம் நின்று, கடைசிக் குதிரை கடந்து போகும்வரை கண்ணை எடுக்காமல் உனக்காகப் பார்ப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னோடு வரக் காத்திருந்த தம்பி,
ராசு