அடைத்த ஜன்னல்

பாத்,
மார்ச் 9, 1936

அன்பு மகள் மியூரியலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அங்கே இனிமேல்தான் குளிராமே, இருமல் திரும்பியதா?

உன் அறையின் பக்கச் சுவரில் அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு இவ்வளவு என்று போட்ட வரிக்குப் பயந்து கல் வைத்து அடைத்த ஜன்னலை அப்பா திறந்துவிட்டார். நம்புவாயா? திறக்கச் சொல்லிச் சின்ன வயதிலிருந்து நீ கெஞ்சினாய், அவரோ புகைபோக்கி நிற்கிற சுவர், கை வைத்தால் வீடே உட்கார்ந்துவிடும் என்று ஒரே பாட்டாகப் பாடினார். போன மாதம் அந்த மூலையில் ஈரம் கசிந்ததைப் பார்க்க வந்த கொத்தனார் டாப்ஸ்காட் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிரித்தாராம், "என்னய்யா பயம்? மேல உத்தரக்கல் அப்படியே இருக்கு, பாரமெல்லாம் அதுமேலதான். புகைபோக்கி அந்தாண்ட வளைஞ்சு போவுது. நடுவுல இருக்கறது வெறும் அடைசல்" என்று. அப்பா அந்தக் கல்லை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துடுங்க" என்றார்.

இரண்டு நாளில் எடுத்தார்கள். வெளியே கரி பிடித்துக் கறுத்த கல், உள்பக்கம் வெட்டின இடமெல்லாம் தேன் நிறம். பழைய கண்ணாடிச் சட்டம் ஏறி இறங்கின பள்ளம்கூட இருந்தது. புதுச் சட்டம் போட்டாயிற்று, மத்தியானம் வெயில் அறை முழுக்க விழுகிறது, ஆறும் ரயில் பாதையும் தெரிகிறது.

அப்பா இப்போது சாப்பாடு முடிந்ததும் அங்கேதான். நேற்று தேநீர் கொண்டுபோனேன், திரும்பிப் பார்க்காமலே சொன்னார். நீ புறப்பட்ட அன்று, கல்யாணக் கோபத்தில் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று நின்றாரே, நாமெல்லாம் போனதும் உன் அறையில்தான் போய் உட்கார்ந்திருந்தாராம். "அன்னிக்கு இது திறந்திருந்தா அவ ரயில் போறதையாவது பார்த்திருப்பேன், ஹெஸ்டர்" என்றார். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதச் சொன்னது அவரில்லை. நீயும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். மறக்காமல் ஒன்று செய், அடுத்த தபாலில் அப்பா பெயருக்குத் தனி உறையில் எழுது, இரண்டு வரியானாலும் போதும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஹெஸ்டர்